இரண்டடி உயரம்

கார்மார்த்தன் சாலையோரம்
நோய் தின்ற ஆஷ் மரம்.
ஏறுமுன் எய்ர்லிஸ்
சுத்தியலால் தட்டிக் கேட்கிறாள்.
மேற்குப் பக்கம் மட்டும்
வெற்றுப் பானையாய்ப் பதில் சொல்கிறது.
அங்கே கட்டக் கூடாது.

மேலே போனபின் இரண்டு பிடிப்பு:
ஒன்று கயிறு,
ஒன்று உள்ளே கம்பியோடிய வார்.
ரம்பத்துக்குக் கிளையென்ன, கயிறென்ன.

கீழே கெதின். தலைக்கவசத்தில் மழை.
தொய்வை இழுத்து இழுத்து
விரல்கள் மரத்துப்போயின.
"விலகு!" என்கிறாள்.
நிற்கின்றன
சாலை, ஒரு பால் லாரி, அவன் மூச்சு.

கிளை பிரிந்து, ஆடி,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல
இறங்குகிறது.

இரவு, பல்பு மாற்ற
ஸ்டூலில் ஏறுகிறாள்.
கை தானாக
இடுப்பில் கொக்கியைத் தேடுகிறது.
இல்லை.
இறங்கிவிடுகிறாள்.
இருட்டாகவே இருக்கட்டும்.