பிடி

மண்டபத்தைத் திறந்ததும் முதல் வேலை
கருவியைச் சரிபார்ப்பது.
வலது கையால் நானே மூன்று தரம் நெரித்து
பெரிய எண்ணைக் கொப்பியில் எழுதவேணும்.
தை மாதம் இருபத்துநாலு.

முத்தையன்கட்டு, இடதுகரை,
பொதுநோக்கு மண்டபம்.
இதே வளையில் தராசு கொழுவி
முப்பது வருசம் குழந்தைகளின் நிறை பார்த்தவள்.
ஓய்வூதியம் வந்தபிறகு
பல்கலைக்கழகம் நாட்கூலிக்குக் கூப்பிட்டது:
அறுபத்தைந்து தாண்டியவர்களின் நலிவை அளக்க.

நலிவு என்பது படிவத்தின் சொல்.
ஒருவருக்கும் விளங்கவில்லை.
'ஏலாமையோ பிள்ளை?' என்று கேட்டார்கள்.
ஓம், அதுதான்.
பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

நிலத்தில் சிவப்பு நாடா, நான்கு மீற்றர்.
வழக்கமாக நடக்கிறமாதிரி நடவுங்கோ என்றால்
சரவணமுத்தர் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.
மெதுவாய் நடந்தால் உதவிப்பணம் என்று
சந்தியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
கையெழுத்து வைத்து வெளியே போனவர்
பயிருக்குள் மாடு இறங்கியதைக் கண்டு
பாய்ந்து ஓடினார், சாரத்தை மடித்துக்கட்டி.
மணிக்கூட்டை நான் நிறுத்தியிருந்தேன்.

கதிரையில் இருந்து கையூன்றாமல்
ஐந்து தரம் எழும்பவேணும்.
தெய்வானைப்பிள்ளை கதிரையை ஒரு சுற்றுப் பார்த்தா.
'பாயில எண்டால் பத்துத் தரம் எழும்புவன்' என்றா.
குந்தி எழும்பியும் காட்டினா.
'இயலவில்லை' என்று எழுதினேன்.
அவ கண்ணாடியை எடுத்துப் போட்டு
நான் எழுதியதை வாசித்தா.
பிறகு பிஸ்கட் பக்கற்றை வாங்கிக்கொண்டு போனா.

காத்தாயி கந்தப்பளையில் கொழுந்து கிள்ளி
எழுபத்தேழில் லொறியில் வந்து இறங்கியவ.
கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
'இத கறந்தா பால் வருமாம்மா?' என்று கேட்டா.
இருபத்தொன்பது.
வாங்கில் இருந்த ஆம்பிளைகள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.

கேள்வி பதினான்கு:
போன வருசத்தில் காரணமில்லாமல் எடை குறைந்ததா?
'காரணமில்லாமல் என்ன பிள்ளை குறையுது?'
அதற்கு ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.
கேள்வி பதினெட்டு:
ஒரு கிலோமீற்றர் நடக்க ஏலுமா?
அடம்பனில் தொடங்கிக் கடல்மட்டும் நடந்ததை
இடம் இடமாய் ஒருவர் விரல் மடிக்கத் தொடங்கினார்.
விசுவமடுவில் விரல்கள் முடிந்தன.
'ஏலும்' என்ற பெட்டியில் புள்ளடி போட்டு
பத்தொன்பதுக்குப் போய்விட்டேன்.
இன்னும் பதினாறு கேள்வி இருந்தது.
வெளியே வெயிலில் பன்னிரண்டு பேர்.

சித்திரையில் இருபத்துமூன்று.
ஆடியில் இருபத்தொன்று.
கருவி இளகுது தம்பி என்று
டொக்டர் ஆரூரனுக்குச் சொன்னேன்.
அக்கா, உடனே அனுப்பிவிடுங்கோ,
பிழையான கருவியென்றால்
எல்லாருடைய எண்ணும் பிழை என்றார்.
துவாயில் சுற்றி யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றினேன்.
அங்கே படிக்கற்களைத் தொங்கவிட்டுப் பார்த்தார்களாம்.
பத்தாம் நாள் திரும்பி வந்தது.
பெட்டிக்குள் ஒரு துண்டு:
கருவியில் பிழையில்லை.

ஐப்பசி இருட்டு. மழை குளத்துக்கு அந்தப்பக்கம்.
அன்று ஒருவரும் வரவில்லை.
காலை அகட்டி வைத்து நெரித்தேன்.
மூச்செடுத்து இன்னொருக்கால்.
பல்லைக் கடித்து மூன்றாம் தரம்.
பத்தொன்பது.
படிவம் கோடு போட்டிருப்பது பதினெட்டில்.

வழுக்கும் தலைகளைப் பிடித்த கை.
பங்கருக்குள் ரோச் வெளிச்சத்தில் பிடித்தது,
ஒன்றையும் தவறவிடாதது.
ஆனால் இதை எங்கே எழுதுவது.
ஆடி மாத எண்ணையே திருப்பி எழுதலாமோ என்று
பேனை கொஞ்ச நேரம் தாளில் நின்றது,
மைப்புள்ளி விழும்வரை.

வருகிற தையில் எனக்கு அறுபத்தைந்து.
அடுத்த வெறுந்தாள் 0412.

பத்தொன்பது என்று எழுதிவிட்டு
தேத்தண்ணிப் போத்தலை எடுத்தேன்.
ஆவணியில் இருந்து அதைத் திறந்து தருவது காத்தாயி.
மூடிதான் இறுகிப்போச்சு என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.