ஆயிரத்து அறுநூறு

கோத்தகிரியில், வர்க்கி அடுப்பின் சூடு ஏறிவரும் மாடியறையில்
ரெஜினால்ட் என் மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டான்.
பதினோரு திருகாணி. ஒன்று ஏற்கெனவே இல்லை.
காற்றாடி முழுக்கத் தேயிலைத் தூள்.
"எங்க ஃபேக்டரி டஸ்ட், முதல் ரகம்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

பழைய ரேமை எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால்
அதன் பற்களைத் தேய்த்தான்.
மூடுபனி அப்பிவைத்த கறுப்பு உதிர்ந்து
தங்கம் வந்தது.

"இது ஆயிரத்து முந்நூத்தி முப்பத்தி மூணு.
நீங்க வாங்கிட்டு வந்தது ஆயிரத்து அறுநூறு.
ஒண்ணாப் போடலாம் சார்.
ஆனா ரெண்டும் மெதுவானதோட வேகத்துலதான் ஓடும்."

மிச்ச வேகம் எங்கே போகும்?

"எங்கயும் போகாது. அதுக்குள்ளயே இருக்கும்."

முதல் தடவை இருட்டுத் திரை, மூன்று கூவல்.
இடம் மாற்றிச் செருகினான்.
ஜன்னலுக்குக் கீழே ஏற்றத்தில்
இலை டிராக்டர் ஒன்று முனகிக்கொண்டிருந்தது;
பின்னால் மேட்டுப்பாளையம் பஸ்,
ஹாரன் அடிக்காமல்.

திரை வெளுத்தது.

*

மாதக் கடைசியில் பிரமிளா சீட்டு வாசிப்பாள்,
நான் அடிப்பேன்: ஊர், ஆள், பச்சை இலை எத்தனை கிலோ.

போன ஆனி மழையில் குஞ்சப்பனை வளைவில்
பைக் சறுக்கியதிலிருந்து
எண்கள் என்னிடம் தாமதமாக வருகின்றன.
நாற்பத்தேழு என்றால் நாற்பது வந்துவிடும்.
ஏழு பின்னால், மேடேறி, மூச்சு வாங்கி வரும்.

கணினி பழசு என்றே
எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.
முதலாளியே ரேமுக்குக் காசு கொடுத்தார்.

இப்போது கணினி எனக்காகக் காத்திருக்கிறது.
கர்சர் சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது.

*

நேற்று சாயங்காலம் பலகைத் தடுப்புக்கு அப்பால்
பிரமிளா குன்னூர் ஆபீசுக்குப் போனில்
கணக்கு ஒப்பித்தாள்.

கட்டபெட்டு அறுபத்திரண்டு முப்பத்தொன்பது எழுபத்தைந்து
கன்னேரிமுக்கு பதினெட்டு எண்பத்துநாலு
ஒரே மூச்சு, சரிவில் கொட்டிய சோளம் மாதிரி.
அந்த முனையில் யாரோ
அதே வேகத்தில் உம், உம் என்றார்கள்.

கையில் டீ ஆறும்வரை நின்றேன்.
இந்தப் பத்து மாதமும் அவள் குரலே அப்படித்தான்,
தைராய்டாக இருக்கும் என்றுகூட
நினைத்திருக்கிறேன்.

*

இன்று காலை இருவரும் உட்கார்ந்தோம்.
வெளியே வெயில், உள்ளே வாடும் இலையின் வாசம்.
தெரிந்துகொண்டதை எங்கே வைப்பது என்று தெரியாமல்
விசைப்பலகையைத் துடைத்தேன்.

"அரவேனு" என்றாள். "பெள்ளன்.
நாற்பத்து..."

விரலை நாக்கில் தொட்டு
அடுத்த தாளைப் புரட்டுகிறவள் போல் குனிந்தாள்.
புரட்டத் தாள் இல்லை. ஒரே சீட்டுதான்.

"...ஏழு."

அடித்தேன்.