வலம்

அவுஸ்மா பாதித் தட்டைத்தான் சாப்பிட்டாள்.
வலப்பாதியில் வழித்துத் துடைத்த பீங்கான்.
இடப்பாதியில் உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும்
ஆள் போகாத கரைபோல.
"இவ்வளவுதானா வைத்தாய், இன்டுலிஸ்?
இன்னும் பசிக்கிறது."

தட்டைத் திருப்பி வைத்தேன்.
எங்கிருந்து வந்தது என்று
கேட்காமலே சாப்பிட்டாள்.

கண்ணில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர்.
பார்வை இருக்கிறது. இடம் போய்விட்டது.
கடிகாரம் வரையச் சொன்னபோது
பன்னிரண்டு எண்களையும்
வலது ஓரத்தில் நெருக்கினாள்,
காலை எட்டு மணி டிராமில் ஆட்களை ஏற்றுவதுபோல.

இருபத்தாறு வருடம் ரீகாவில் டிராம் ஓட்டியவள்.
கோணலாக நிறுத்திய வேனுக்கும்
தன் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே
நாலு விரல் போதும்.
மணி அடிக்கமாட்டாள். போய்விடுவாள்.
எப்படி என்று ஒருமுறை கேட்டேன்:
உன் முழங்கை எங்கே இருக்கிறதென்று
தினமும் பார்த்துக்கொண்டா இருக்கிறாய்?

இப்போது
கதவுநிலையில் இடத்தோள் இடிக்கிறது.
"யாரோ தள்ளுகிறார்கள்" என்கிறாள்.
கோட்டின் ஒரு கை
வெறுமனே தொங்கிக்கொண்டு கடைக்கு வருகிறது.
உதட்டுச் சாயம் மூக்குக்கு நேரே நின்றுவிடுகிறது.

அந்தப் பக்கமும் உலகம்தான் என்று
எப்படி நிரூபிப்பது?
என் முதுகுக்குப் பின்னே அடுப்படி இருப்பதை
எனக்கு யாரும் நிரூபித்ததில்லை.
ஆனாலும் பார்க்காமலே கை நீட்டுகிறேன்,
கரண்டி வருகிறது.

இடப்பக்கமே உட்காருங்கள்,
கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்றாள்
பயிற்சி தர வரும் பெண்.
உட்கார்ந்திருக்கிறேன். டிசம்பரிலிருந்து.
என் குரல் கேட்டதும்
ஜன்னலுக்குப் பதில் சொல்கிறாள்.

நேற்று உப்பு கேட்டேன்.
எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
இந்தப் பக்கம் திரும்பவில்லை,
அப்படி ஒரு பக்கம் கிடையாது.
வலப்புறமாகவே திரும்பினாள்:
ஜன்னல், அடுப்பு, காலண்டர்,
கோட்டு மாட்டும் ஆணி,
ஒவ்வொன்றிலும் சற்று நின்று,
சின்னச் சின்ன அடியாக,
உப்புக் கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி.

அவள் ஓட்டிய டிராம் பின்னால் நகராது.
கடைசி நிறுத்தத்தில்
கொஞ்சம் புல்லையும் இரண்டு பிர்ச் மரங்களையும் சுற்றி
ஒரு வளையம் போட்டுத்தான் ஊருக்குத் திரும்பும்.

வலம் வந்து முடித்தபோது
எதிரே நான்.

"எப்போது வந்தாய்?" என்றாள்.
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
கிண்ணத்தை மேசையில் வைத்தாள்,
என் தட்டுக்கு நாலு விரல் தள்ளி.