நிகர எடை

இடது கையின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது,
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.
பதினான்கு நாள் கழற்றக் கூடாது.
ஜாக்கெட் கை இறுக்கினால் போதும்,
சிக்னல் இல்லை என்று போன் முனகும்.

சித்தூர் டாக்டர் ஜிஷா ஒரு நோட்டும் கொடுத்தார்.
என்ன சாப்பிட்டேன் என்பது மட்டும் போதாதாம்.
தொடங்கிய நேரம், முடித்த நேரம்,
இரண்டும் வேண்டுமாம்.
இதை எனக்கா சொல்லித்தர வேண்டும்?
மீனாட்சிபுரம் எடைமேடையில்
பதினோரு வருசமாக அதைத்தானே எழுதுகிறேன்:
வண்டி ஏறிய நேரம், இறங்கிய நேரம்,
சரக்கோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு.

திங்கள். காலை 8.52 முதல் 8.58.
இட்லி நான்கு. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில்
ஓர் இளநீர் லாரி.
திங்கள். மதியம் 2.40 முதல் 2.47.
சோறு, புளிக்குழம்பு, இரண்டு கோழி வண்டி,
சில்லறைக்காக ஒரு சண்டை.
செவ்வாய். இரவு 10.15-க்கு உட்கார்ந்தேன்.
முடித்த நேரம் தெரியவில்லை.
கழுவாத கையோடு பில் அடித்திருக்கிறேன்,
ரசீதின் ஓரத்தில் என் மஞ்சள் விரல்.

ஜன்னலில் தெரிகிற நெல்லியாம்பதி மாதிரியே
போனுக்குள்ளும் மலை.
ஏறுவது தெரிகிறது,
இறங்கும்போது நான் வேலையில் இருக்கிறேன்.

இந்த எல்லையில் விசாரிப்புக்குக் குறைவில்லை.
பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர்
"சாப்ட்டாச்சுங்களா?" என்பார்.
கொல்லங்கோட்டிலிருந்து வருகிறவர்
"ஊணு கழிஞ்ஞோ சேச்சி?" என்பார்.
இரண்டு மொழியிலும்
முடிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.
எத்தனை நிமிசம் என்று
அந்த டாக்டரம்மாவுக்கு முன்னால்
ஒருத்தரும் கேட்டதில்லை.

இரண்டாம் வியாழன் கேரளத்தில் ஹர்த்தால்.
பூட்டவும் சொல்லவில்லை முதலாளி,
திறக்கவும் சொல்லவில்லை.
வெறும் ரோட்டில் வெயில் மட்டும் போய்வந்தது.
மேடையில் ஒரு நாய் வந்து படுத்தது,
திரையில் பத்துக் கிலோ.
பில் போடவில்லை.

முட்டை லாரியை ஓரங்கட்டி
அடுப்பு மூட்டியிருந்தார் ஜெயசீலன், நாமக்கல்காரர்.
"தனியா எப்படிங்க சாப்பிடறது" என்று கூப்பிட்டார்.
முந்தின நாள்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தாராம்.
ஒவ்வொரு கவளத்தையும்
வலது பக்கம் ஒதுக்கி, யோசித்து, விழுங்கினார்.
அவர் தட்டு பாதியில் இருக்கும்போது
நான் கைகழுவினால் நன்றாகவா இருக்கும்?
மரியாதைக்காக மெதுவாகச் சாப்பிட்டேன்.
அவர் வாங்கப்போகிற ஆடுகளைப் பற்றி,
மழைக்கு ஒழுகுகிற லாரிக் கூரையைப் பற்றி,
பிறகு ஒன்றையும் பற்றியில்லாமல்.

வியாழன். மதியம் 1.05 முதல் 1.51.
அதே அளவு சோறுதான், கூட ஒரு முட்டை.
கோடு
வரப்பு மாதிரி கிடந்தது.
போன்தான் கெட்டுவிட்டதோ என்று
இரண்டு தரம் அணைத்துப் போட்டேன்.

ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்தது.
தேங்கிய வண்டியெல்லாம் ராத்திரியோடு வந்து குவிந்தது.

வெள்ளி. விடியற்காலை 3.20.
சாப்பாடு: இல்லை. டீகூட இல்லை.
கோடு 211.

டாக்டர் அந்த இடத்தில் பேனாவை வைத்தார்.
"இவிடெ எந்தா கழிச்சது?"
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லாமல் இப்படி ஏறாதே என்றார்.

எம்-சாண்ட் லாரி ஒன்று, டாக்டர்.
ஐந்து டன் கூடுதல்.
முதலாளி போனில் வந்தார்,
குறைத்து எழுது என்றார்.
எழுதினேன்.
ரசீதில் எல்லாம் சரியாக இருக்கிறது,
ஏறிய நேரம், இறங்கிய நேரம், நிகர எடை,
கீழே வசந்தாமணி என்று என் கையெழுத்து.

இதில் எதையும் சொல்லவில்லை.
"தூக்கமில்லை" என்று சொன்னேன்.
அவர் அதை எழுதிக்கொண்டார்.

நோட்டு இப்போது என்னிடம்தான்.
வெள்ளிக்கிழமை வரிசையில்
தொடங்கிய நேரம் 3.10 என்று போட்டுவிட்டேன்.
பக்கத்துக் கட்டத்தில் பேனாவை வைத்தபோது
வெளியே ஹாரன்.
வைக்கோல் வண்டி,
கேரளப் பதிவெண்,
மேடையில் ஏறுகிறது.