பணகுடிக்கு மேலே பதினைந்தாயிரம் அடி

இரவு பத்தே கால்.
ஆடிக் காற்று கணவாயிலிருந்து இறங்கி
மாடித் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது.
நான் பணகுடியில், பிளாஸ்டிக் நாற்காலியில்.
ஜெபஸ்டின் பாளையங்கோட்டையில்,
ஜெராக்ஸ் கடை ஷட்டருக்கு உள்ளே.
நடுவில் ஐம்பது கிலோமீட்டர் நாலுவழிச்சாலை.
திரையில் மூன்று மைல்,
இரண்டு,
ஒன்று.

இடப்பக்கம் உரசிக் கடந்ததும் சண்டை.
ஏவுகணை கிடையாது, துப்பாக்கி மட்டும்.

முதல் ஒன்பது இரவும் ஒரே மாதிரி செத்தேன்.
கடந்த மறுகணம் குச்சியை வயிற்றோடு இழுப்பேன்.
திரையோரம் கருக்கும்,
ரத்தம் காலுக்கு இறங்கியதாகக் கணக்கு.
நானூறு நாட் இருநூறாகும்.
வேகம் கைக்காசு. திருப்பம் கந்துவட்டி.
நான் சுற்றி முடிக்கையில் பை காலி.
அவன் எனக்கு மேலே
சில்லறை குலுங்கக் காத்திருப்பான்.
"அவசரப்படுதீரு வே" என்பான்,
சுட்ட பிறகு.

இத்தனைக்கும் எனக்குக் காற்றாலையில்தான் வேலை.
இறக்கை காற்றை அளவுக்கு மேல் நிமிர்ந்து பார்த்தால்
காற்று அதைக் கைவிட்டுவிடும்.
எண்பது மீட்டர் ஏறி, கையில் கிரீஸோடு,
பகலெல்லாம் அந்தக் கோணத்தைத்தான் திருத்துகிறேன்.
இரவானால் மறந்துபோகிறது.

தொப்பியில் மூன்று சின்ன விளக்கு ஒட்டியிருக்கிறேன்.
கழுத்தை ஒரு விரல் அளவு திருப்பினால்
திரையில் முழுத் தோளும் திரும்பும்.
கண்ணை விட்டவன் சண்டையை விட்டவன்.
இப்போது சோறு தின்னும்போதும்
இடது தோளுக்கு மேலே பார்க்கிறேனாம்.
"அங்க யாரு நிக்கா?" என்கிறாள் செண்பகவல்லி,
ரசத்தை ஊற்றாமல் நிறுத்தி.

பத்தாம் இரவு இழுக்கவில்லை.
அவன் வட்டத்துக்குள் பாய்ந்து விழாமல்
மூக்கை மேலே தூக்கினேன்,
வேகத்தை உயரமாக மாற்றிப் போட்டு வைத்தேன்.
தலைகீழாகத் தொங்கியபடி அவனைப் பார்த்தேன்:
கீழே, சாம்பல் நிறத்தில், எவ்வளவு சின்னதாக.
பிறகு போட்டதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் மடங்கினான்.
நான் அவன் பக்கம் மடங்கினேன்.
வெட்டி, மாற்றி, வெட்டி,
கத்தரிக்கோல் மாதிரி.
இதில் பின்தங்குகிறவனுக்குத்தான் வெற்றி.
பொங்கலுக்கு வைப்பார்களே, ஸ்லோ சைக்கிள் ரேஸ்,
காலை ஊன்றாமல் கடைசியாக வந்தால்
எவர்சில்வர் வாளி. அதேதான்.
நூற்று முப்பது நாட்.
ஹெட்போனில் இறக்கை கடகடக்கிறது.
இன்னும் ஒரு மயிரிழை இழுத்தால் கல்லாக விழுவேன்.
இழுக்காமல் இருப்பதற்குத்தான்
கை இவ்வளவு வலிக்கிறது.

கரண்ட் போனது.

தெருவே இருண்டது. யுபிஎஸ் கூவத் தொடங்கியது.
மானிட்டர், சிபியு, ரௌட்டர், மூன்றுக்கும் சேர்த்து
ஏழு நிமிடம் என்று கடைக்காரன் சொன்னான்.
பேட்டரிக்கு வயது நான்கு.
ஜன்னலுக்கு வெளியே, வரிசை வரிசையாக,
என் காற்றாலைகள் வெறிபிடித்துச் சுற்றுகின்றன,
உச்சியில் சிவப்பு விளக்கு சிமிட்டி.
எந்த ஊருக்கு அனுப்புகிறார்களோ.

கூவல் நெருக்கமாகிறது.
ஜெபஸ்டின் அசைகிறான், பொறுக்க மாட்டாமல்
மூக்கை ஒரு நூல் தாழ்த்துகிறான்.
தாழ்த்தினால் வேகம் வரும்.
வந்தது.
என்னைத் தாண்டி முன்னே போனான்,
அவனுடைய இரண்டு நெருப்பு வாயும்
என் கண்ணாடிக்கு நேராக.
வட்டப் புள்ளி அவன் முதுகில் ஏறுகிறது,
ஏறுகிறது,

திரை அணைந்தது.

இருட்டில் குச்சியைப் பிடித்தபடியே இருந்தேன்.
விசையை அழுத்தினேனா, தெரியவில்லை.
விரல் அழுத்திய இடத்தில்தான் இருந்தது.

போன் ஒளிர்ந்தது.
"வே, ஆளைக் காணோம்.
ஆனா உம்ம பிளேன் எனக்குப் பின்னால
இன்னும் நேரா போய்க்கிட்டு இருக்கு.
திரும்பி வந்து சுடவா?"

தகரம் தட்டிக்கொண்டிருந்தது.
கழுத்தைத் தேய்த்துக்கொண்டேன்.
'எண்ணெய் தீர்ற வரைக்கும் போகட்டும் டே'
என்று அடித்தேன்.
போனில் மூன்று சதவீதம்.
ஒற்றை டிக் விழுந்தது,
இரண்டாவது விழக் காணோம்.