இருபத்தெட்டு

காட்பாடியில் ஏறியதும் முழங்கால்மேல் துண்டை விரிப்போம்.
வாலாஜாவில் கோதண்டம் ஏறினால் நாலு கை.
அரக்கோணத்துக்குள் இரண்டு ஆட்டம்.

சாலை ஆறு வழி ஆனது.
கோதண்டம் ஏறவில்லை.
ஷேர் கார், ஏசி, வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறானாம்.
"அரை மணி கூடுதலா தூங்குறேன்டா" என்றான்
ஏதோ பதவி உயர்வு போல.

அவன் மாதிரி எத்தனை பேரோ,
பதினோரு வருஷத்தில் முதல் தடவை
எனக்கு ஜன்னலோரம்.
திருவலம் பாலத்தில் பொன்னையாற்று மணலை
உட்கார்ந்தபடி பார்த்தேன்.
மூன்று பேருக்கு இருபத்தெட்டு சரிப்படாது.
காலி இடத்துக்கும் சீட்டுப் போட்டு
அந்தக் கையையும் இம்தியாஸே ஆடினான்.

தை பிறந்ததும்
கூட்டமில்லை என்று இரண்டு பெட்டியைக் கழற்றிவிட்டார்கள்.
இப்போது நிற்கிறேன், முன்னைவிட நெருக்கி.
துண்டு விரிக்க முழங்கால் இல்லை.

நேற்று கோதண்டம் போன் செய்தான்.
ஸ்ரீபெரும்புதூரில் முக்கால் மணியாக நகரவில்லையாம்.
"நீங்க எங்கடா?"
"திருவள்ளூர் தாண்டியாச்சு."
கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும்.
பிறகு, "துருப்பு யாருகிட்ட?"

இம்தியாஸ்கிட்ட என்றேன்,
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி.