சீட்டு ஒட்டுகிறவள்

காலையில் ஒரு விலை.
மதியம் ஷட்டரை இறக்கி ஏற்றினால் இன்னொன்று.
வெள்ளிக்கிழமை என்றால் மாலையிலும் ஒன்று.

புவனோஸ் ஐரெஸின் தெற்கே, லானூஸில்,
ஸ்கேனர் வாங்க வக்கில்லாத ஒரு கடையில்
ஏழு வருஷமாக இதுதான் என் உத்தியோகம்:
மஞ்சள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு
வரிசை வரிசையாக நடப்பது.
க்ளிக், நூடுல்ஸ்.
க்ளிக், மாத்தே இலை.
க்ளிக், பால்.
க்ளிக், மறுபடி பால்.

விற்காத ஒரு சோப்பின் மேல்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறியிருந்த சீட்டுகளை
ஒருநாள் சும்மா உரித்துப் பார்த்தேன்.
பதினான்கு தோல்.
வெங்காயத்துக்குக்கூட அத்தனை கிடையாது.
அடித்தோலில் இருந்த விலைக்கு
இன்று அதை முகர்ந்து பார்க்கத்தான் விடுவார்கள்.

எனக்கு முன்னால் ஓடும் ஜனம்.
எண்ணெய்ப் பக்கம் நான் திரும்பும்போதே
எண்ணெயை வாரிக்கொண்டு கல்லாவுக்குப் பாயும்.
ஒப்தூலியோவால் ஓட முடியாது.
ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர், முழங்கால் போய்விட்டது.
"மிர்த்தா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளேன்" என்பார்.
நான் குனிந்து, நன்றாகக் கட்டியிருக்கும் ஷூ நாடாவை
அவிழ்த்து, மறுபடி கட்டுவேன்.
அதற்குள் அரை டஜன் முட்டை
பழைய விலைக்குப் போயிருக்கும்.

சனிக்கிழமைகளில் ஆற்றைத் தாண்டி
எச்செகாராய் வீட்டில் தரை துடைப்பேன்.
பதினெட்டாம் மாடி.
அங்கே எந்தப் பொருளிலும் சீட்டு இருக்காது.
எண்ணெய் கண்ணாடிக் குடுவைக்கு மாறியிருக்கும்,
சோப்புக்குப் பீங்கான் தட்டு.
ஜன்னலில் நின்றால் எங்கள் பக்கம் தெரியும்,
மழை நாளில் தெரியாது.
அந்த அம்மாள் டாலரில் கணக்குப் போட்டு
பேசோவில் சம்பளம் தருவார்.
போட்டதற்கும் தந்ததற்கும் நடுவில்
என் பஸ் டிக்கெட் ஒருமுறை ஏறி இறங்கியிருக்கும்.
இறங்கியிருக்கும் என்றது பழக்கதோஷம்.
ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஜூன் மாதம் விலை நின்றது.

ஏணியின் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு
இனி ஏற மாட்டேன் என்றது.
கீழே நாங்கள் அண்ணாந்து பார்த்தபடி.
ரேடியோவில் ஒருவர்
ஸ்திரம், ஸ்திரம் என்றார்,
தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

துப்பாக்கி நாள் முழுக்க ஆணியில் தொங்கியது.
மூன்றாம் வாரம் மேனேஜர் கூப்பிட்டார்.
"நல்ல செய்திதான், மிர்த்தா.
விலை மாறவில்லை. அப்புறம் சீட்டு ஒட்ட ஆள் எதற்கு?"
அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க
பஸ் ஸ்டாப் வரை யோசித்தேன்.
அந்தப் பழைய ஓட்டம் திரும்பி வரவேண்டும் என்று
நான் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்?
நின்ற இடம்தான் உறுத்துகிறது.

அந்தச் சனிக்கிழமை பதினெட்டாம் மாடியில் விருந்து.
கீழ்மாடியில் வாங்கிப் போட்டிருந்த இன்னொரு வீடு
இரண்டு மடங்குக்கு விலை போயிருக்கிறது.
"அப்பாடா, இனி நிம்மதி" என்று
கோப்பைகளை மோதிக்கொண்டார்கள்.
பதினாறு கோப்பை.
ஒன்றும் உடையாமல் கழுவி வைத்தேன்.

கடையில் என் கடைசி நாள்.
ஒப்தூலியோ முட்டைக்கு எதிரே நிற்கிறார்.
ஓடவேண்டிய அவசரம் இல்லை,
காலையிலும் அதே விலை, மாலையிலும் அதே.
எடுக்கிறார், கண்ணுக்கு அருகே பிடித்துப் படிக்கிறார்,
வைத்துவிடுகிறார்.
நாளைக்கு வந்தாலும் இதேபோல்
நிதானமாக வைத்துவிட்டுப் போகலாம்.

ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்தேன்.
எண்சக்கரத்தைப் பின்னால் திருப்பினேன்,
தோல் தோலாக,
சோப்பு அடியில் பார்த்த காலம் வரை.
க்ளிக்.
அவர் கையில் கொடுத்தேன்.

கல்லாவில் யானினா
சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
கண்ணாடி அறையிலிருந்த மேனேஜரைப் பார்த்தாள்.
பிறகு, பின்னால் நீண்ட வரிசை காத்திருக்க,
குனிந்து
தன் ஷூ நாடாவை
அவிழ்க்கத் தொடங்கினாள்.